பாட்டுக்குள் நுழையும் வியாபாரம்: சினிமாவுக்கு வெளியே இசை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தமாகப் பாட்டுப் போட்டு, சொந்தமாக வெளியிடும் தமிழ் இசைக்கலைஞர்களோடு ஒலிப்பதிவில் உட்காரும்போது பாதி நேரம் மெட்டைப் பற்றிப் பேசுகிறோம். மீதி நேரம் ஸ்ட்ரீமிங், லேபிள் (பாட்டை வெளியிடும் நிறுவனம்), ரீல்ஸ், ஒப்பந்தம் என்றே போய்விடுகிறது. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்ட விவரங்கள் இந்தியாவுக்கானவை. கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்தது அதற்கு ஈடாகாது.

பாட்டை முடித்த பிறகுதானே விற்கிறோம். வியாபாரம் எப்படிப் பாட்டுக்குள்ளேயே வரும்?

ஒலிப்பதிவு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். 1902-இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து பாடகர்களைப் பதிவு செய்தார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் கொள்ளும். பாடகி கௌஹர் ஜான் பல பதிவுகளில் பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லுவார். பதிவுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய்த்தான் தட்டாக அச்சாகின. அங்கே வேலை செய்தவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலைக்குத் தேவைப்பட்ட தகவல் பாட்டோடு சேர்ந்து வீடுவீடாகப் போனது.

தெற்கிலும் இதே கதை. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கக்கூடிய வித்வான்கள் அதைச் சில நொடிகளில் கோடிட்டுக் காட்டிவிட்டுக் கீர்த்தனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தச் சுருக்கமே அழகாக அமைந்த தட்டுகள் நிறைய உண்டு. அதனால் வியாபாரம் போடும் கட்டுப்பாடு எல்லாமே கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வித்வான்களுக்கு மூன்று நிமிடம் என்பது தட்டின் அளவு, ராகத்தின் அளவு இல்லை என்று நன்றாகத் தெரியும். சாயங்காலம் கச்சேரியில் உட்கார்ந்தால் மறுபடி விரித்துப் பாடினார்கள். இன்றைக்கு முதல் பாட்டே ரீல்ஸுக்காக எழுதிப் பழகும் ஒரு பையனுக்கு அந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லாமல் போகிறது. நான் கவலைப்படுவது அதற்குத்தான்.

முப்பது வினாடி கணக்கு என்கிறார்களே, அது என்ன?

ஸ்பாட்டிஃபையில் ஒருவர் உங்கள் பாட்டை 30 வினாடி கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்காகும். 29-ஆவது வினாடியில் அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டால் உங்களுக்கு ஒன்றுமில்லை. 30 வினாடி தாண்டிவிட்டால் இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஏழு நிமிடப் பாட்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

இதன் விளைவைக் கேட்டாலே தெரியும். முன்னிசை சுருங்கிவிட்டது. பல்லவியே முதல் ஐந்து வினாடியில் வந்து நிற்கிறது. இரண்டாவது சரணம் காணாமல் போய், பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிகிறது. தமிழ்ப் பாட்டுக்கு இது பெரிய இழப்பு என்பது என் எண்ணம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒரு எண்ணம் வளர்ந்து திரும்பி வரும் கட்டமைப்பில் பழகிய காது நமக்கு. இரண்டாவது சரணத்தில்தான் பாட்டெழுதுகிறவர் முதலில் சொன்னதை மாற்றிப் போடுவார், இன்னொரு பக்கத்தைக் காட்டுவார். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே வாக்கியத்தை நான்கு முறை சொல்லும் பாட்டு.

ஒரு யோசனை சொல்கிறேன். முழுப் பாட்டையும் அதற்கு வேண்டிய நீளத்தில் முடியுங்கள். அப்புறம் வெளியீட்டுக்காகச் சுருக்கிய வடிவம் ஒன்று செய்யலாம். முதலிலேயே சுருக்கி எழுதினால், எதை விட்டோம் என்பதே உங்களுக்குத் தெரியாது.

ஸ்ட்ரீமிங்கில் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது?

சந்தாவும் விளம்பரமுமாக வரும் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஸ்பாட்டிஃபை பாட்டுகளின் உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் அது கேட்பவர் வாரியாகப் பிரிவதில்லை. எல்லாப் பணமும் ஒரு பொதுத்தொகையாகச் சேர்ந்து, மொத்த ஸ்ட்ரீம்களில் உங்கள் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிகிறது. ஒரு ரசிகை மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய சந்தாவில் பெரும்பகுதி, அவர் கேட்டே இராத பெரிய லேபிள் பாட்டுகளுக்குப் போகும். 2024 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது. முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது.

இந்த முறை எந்த மாதிரிப் பாட்டை வளர்க்கும் என்று யோசியுங்கள். ஒரு தடவை கேட்டு மனம் கனத்து, ஒரு வாரம் மறுபடி கேட்கத் தோன்றாத பாட்டுக்கு ஒரு ஸ்ட்ரீம். படிக்கும்போதும் சமைக்கும்போதும் பின்னணியில் நாள் முழுக்க ஓடும் பாட்டுக்கு நூறு. கவனத்தைக் கேட்காத பாட்டுக்குக் கூலி அதிகம். எந்த நிர்வாகியும் வந்து உங்களிடம் "ஆழமாக எழுதாதே" என்று சொல்லவில்லை. பணம் பிரியும் விதமே அதைச் சொல்லிவிடுகிறது.

வேறு வழிகளும் உண்டு. சவுண்ட்கிளவுட் என்ற தளம் 2021-இல், கேட்பவர் வாரியாகப் பணத்தைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பேண்ட்கேம்ப்பில் ரசிகர் நேரடியாக ஆல்பத்தை வாங்குகிறார். டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. தமிழ் ரசிகர்களிடம் வாங்கிக் கேட்கும் பழக்கம் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் உங்கள் பாட்டுக்கு நூறு பேர் காசு கொடுத்தார்கள் என்றால், அந்த நூறு பேரின் தைரியத்தில் அடுத்த பாட்டை எட்டு நிமிடத்துக்கு எழுத முடியும்.

டிஸ்கவரி மோட் போடலாமா?

அதில் ஸ்பாட்டிஃபை உங்கள் பாட்டைப் பரிந்துரைகளில் கூடுதலாகக் காட்டும். அந்த வழியில் வரும் ஸ்ட்ரீம்களின் ராயல்டியில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும். எல்லாரும் போட்டால் யாருக்கும் முன்னுரிமை இல்லை, எல்லாருக்கும் கூலி குறைவு. நான் பரிந்துரைப்பதில்லை.

ஆல்பம் போடவா, ஆறு வாரத்துக்கு ஒரு சிங்கிளாக (தனிப் பாட்டாக) போடவா?

சிங்கிளாகப் போடச் சொல்லித்தான் எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஸ்பாட்டிஃபையில் ப்ளேலிஸ்ட் தயாரிக்கும் குழுவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் அனுப்ப முடியும். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பு அனுப்பினால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் வாராந்தரப் பட்டியலிலும் அது உறுதியாக வரும். எட்டுப் பாட்டையும் ஒரே நாளில் போட்டால் எட்டு வாய்ப்பு ஒன்றாகச் சுருங்குகிறது.

சிங்கிளுக்கு ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் தனியாக நின்று சத்தம் போட வேண்டியிருக்கிறது. ஆல்பத்தில் ஐந்தாவது இடத்தில் வரும் அந்த அமைதியான பாட்டு, கருவி மட்டும் வாசிக்கும் இரண்டு நிமிடம், கதையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் சின்னப் பாட்டு, இவை சிங்கிளாக ஒருபோதும் வராது. அதனால் முதலிலேயே ஆல்பமாக யோசித்து எழுதி, அதிலிருந்து மூன்றைச் சிங்கிளாக விட்டு, கடைசியில் முழுதாக வெளியிடுவது நல்லது. ஆறு வாரக் கெடு உங்களை எழுத வைத்தால் சரி. பழைய மெட்டையே வேறு பீட்டில் போட வைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேபிள் ஒப்பந்தத்தில் எந்த வரி என் படைப்பைத் தொடும்?

இந்தக் கேள்விதான் ஆகப் பெரியது. பணத்தைப் பற்றிய வரிகளை எல்லாரும் படிக்கிறார்கள். பாட்டை மாற்றும் வரிகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் இரண்டு சொத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொரு சொத்து. பதிவு செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் யார் எடுக்கிறாரோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர். உங்கள் சேமிப்பில் உங்கள் அறையில் பதிவு செய்தால் அது நீங்கள்தான். அந்த உரிமை பாட்டு வெளியான பிறகு 60 ஆண்டு நிற்கும். ஒரு சின்ன அட்வான்ஸுக்கு அதை முழுதாக எழுதிக் கொடுக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அட்வான்ஸ் பெரும்பாலும் கழிக்கப்படும் பணம். உங்கள் பங்கிலிருந்து அது திரும்ப எடுக்கப்படும்வரை ராயல்டி வராது. வீடியோ செலவும் அதில் சேரும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால், பெரிய வீடியோ எடுப்பது உங்கள் கடன்.

"நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் தரத்தில்" பாட்டுகளைத் தர வேண்டும் என்று ஒரு வரி வரும். தரம் என்றால் ஒலித்தரமா, விற்கும் தன்மையா? அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால், அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு உங்கள் கணக்கிலும் சேராது, வெளியிலும் போக முடியாமல் கிடக்கும்.

மறுபடி பதிவு செய்யக் கூடாது என்ற தடை எத்தனை ஆண்டு என்று பாருங்கள். டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019-இல் பழைய லேபிளோடு சேர்ந்து விற்கப்பட்டபோது, பாட்டெழுதிய உரிமை கையில் இருந்ததால் 2021 முதல் அவற்றில் நான்கை மறுபடி பாடி வெளியிட்டார். 2025-இல் அந்த மாஸ்டர்களையே வாங்கினார். அவருக்கு இருந்த பலம் நமக்கு இல்லை என்பதால்தான் இந்த வரியை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடம் திரும்பும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. அந்த "வேறு மாதிரி" பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும்: "என்றென்றைக்கும்", "உலகம் முழுவதும்". அந்த இரண்டையும் வட்டம் போட்டு, முதலாவதை எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். ஏழு ஆண்டு, பத்து ஆண்டு, ஏதாவது ஒன்று.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ராயல்டி கிடையாதா?

மெட்டமைத்தவருக்கும் வரி எழுதியவருக்கும் உண்டு. 2012-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பதிப்புரிமையை விற்றிருந்தாலும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதியிருந்தால் அது செல்லாது. அந்தப் பணம் ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம் வழியாக வருகிறது. 1969-இல் தொடங்கிய அமைப்பு அது. நீங்கள் உறுப்பினராகி, பாட்டுகளைப் பதிவு செய்தால்தான் வரும். சினிமாவில் எழுதுகிறவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். தனியாகப் பாட்டுப் போடுகிறவர்கள் இன்னும் போதுமான அளவு சேரவில்லை. வீடியோ எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

நண்பர்களாகச் சேர்ந்து செய்கிறோம். பங்கைப் பற்றிப் பேசினால் மனக்கசப்பு வராதா?

பேசாவிட்டால் கட்டாயம் வரும். 2021 மார்ச்சில் தீ, அறிவு பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. சினிமா இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு அவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லாதது பெரிய விவாதமானது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நிலமற்ற உழைப்பாளிகளின் நினைவிலிருந்து பிறந்த ஒரு பாட்டு, யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் சிக்கியதைப் பார்ப்பது வேதனை.

மெட்டு யாருடையது, வரி யாருடையது, பீட் செய்தவருக்கு மெட்டில் பங்கு உண்டா, மாஸ்டரில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பீட் செய்பவரை முக்கியமாகக் கவனியுங்கள். இன்றைய பாட்டில் பாதி உயிர் அவருடையது. சட்டம் இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் படைத்தவராகப் பார்க்கிறது. பீட் செய்பவர் எங்கே நிற்கிறார் என்பதை உங்கள் தாள்தான் சொல்ல வேண்டும். பங்கு தெளிவானால் வாசிப்பும் மாறுகிறது. தனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்த கிடாரிஸ்ட் துணிந்து ஒன்றை முயன்று பார்ப்பார்.

சுயாதீன இசை சினிமாவுக்கு விசிட்டிங் கார்டுதானே?

பலருக்கு அப்படி அமைந்திருக்கிறது. ஹிப்ஹாப் தமிழா யூடியூபில் பரவிய பாட்டுகளிலிருந்து படங்களுக்கு வந்தார்கள். சாய் அபயங்கர் 2024-இல் 'கட்சி சேர' போட்டு, சீக்கிரமே பெரிய படங்களுக்கு இசையமைக்கப் போனார். இதில் எந்தத் தவறும் இல்லை. சினிமாவில் வாடகைக்கும் வாத்தியக்காரர்களுக்கும் பணம் இருக்கிறது.

ஆனால் இயக்குநர் கேட்பதற்காகவே பாட்டுச் செய்யத் தொடங்கினால் அது சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கும்: காதல், ஒரு வெளிநாட்டுச் சாலை, ஒரு டான்ஸ் ஸ்டெப். சினிமாப் பாட்டுக்கு ஒரு சிச்சுவேஷன் வேண்டும், நாயகன் வேண்டும். அவை இல்லாத பாட்டை எழுதக் கிடைத்த சுதந்திரத்தை யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

மலேசியாவைப் பாருங்கள். யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006-இல் அங்கிருந்துதான் வந்தது. கோடம்பாக்கம் பக்கத்தில் இல்லாத இடத்தில் தமிழ் ராப் தன் பேச்சை, தன் சந்தத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

பிராண்ட் பணம் கொடுத்தால் வாங்கலாமா?

வாங்கலாம், எதை விற்கிறோம் என்று தெரிந்து. 2018-இல் ஒரு குளிர்பான பிராண்டும் சோனி மியூசிக்கும் சேர்ந்து நடத்திய மெட்ராஸ் கிக் தொடரில்தான் விவேக்–மெர்வினின் 'ஒரசாத' வந்தது. அருமையான பாட்டு. ஆனால் யாருடைய மனமும் சங்கடப்படக் கூடாது என்பது எந்த பிராண்டின் அடிப்படை எதிர்பார்ப்பும். சாதியைப் பற்றி, நிலத்தைப் பற்றி, மலக்குழி மரணத்தைப் பற்றி அங்கே பாட முடியாது.

அதற்கு வேறு பணம் வேண்டும். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது அதன் பின்னால் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நின்றது. இசையை டென்மா வழிநடத்தினார். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில், இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடின. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழாவும் அந்த வழியில்தான். பார்வை எண்ணிக்கையைத் திருப்பிக் கேட்காத பணம் இருந்ததால் அந்தப் பாட்டுகள் பிறந்தன. பறையும் கானாவும் மார்கழி மேடையில் கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கல்லூரி விழாவிலும் பப்பிலும் சினிமாப் பாட்டே கேட்கிறார்கள். என்ன செய்ய?

பாடுங்கள், சம்பளம் வாங்குங்கள். நடுவில் உங்கள் பாட்டு இரண்டை வையுங்கள், அறிவிப்பு இல்லாமல். நன்றாக இருந்தால் "இது எந்தப் படம்?" என்று வந்து கேட்பார்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

யூடியூபில் கவர் (பிறர் பாட்டை நம் குரலில்) போட்டு ஆள் சேர்க்கலாமா?

சேரும். ஆனால் யாருடைய பாட்டு என்று தானாகக் கண்டறியும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அந்தப் பாட்டைக் கண்டுபிடித்ததும் விளம்பரப் பணம் பெரும்பாலும் உரிமையாளருக்குப் போய்விடும். சேர்ந்த ஆட்களும் அடுத்த கவருக்காகத்தான் காத்திருப்பார்கள். குரலை அறிமுகப்படுத்த இரண்டு மூன்று போதும்.

என் பாட்டு மற்றவர்களுடையதைவிடச் சத்தம் குறைவாகக் கேட்கிறதே?

ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் நசுக்கி ஏற்றிய சத்தத்தை அது இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் மிஞ்சும். மிருதங்கத்தின் தொப்பியும் பறையின் முதல் அடியும் உயிரோடு இருக்கட்டும். மாஸ்டரிங் செய்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

யார், எங்கே கேட்கிறார்கள் என்று காட்டும் டேஷ்போர்டு பார்த்து அடுத்த பாட்டை முடிவு செய்யலாமா?

எந்த ஊரில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த நிகழ்ச்சியை அங்கே வைக்க உதவும். டொரொன்டோவிலும் கோலாலம்பூரிலும் கேட்பவர்கள் இருந்தால் அது நல்ல செய்தி. எந்த வினாடியில் கேட்பதை நிறுத்துகிறார்கள் என்ற வரைபடத்தை மட்டும், பாட்டு எழுதும் மாதத்தில் திறக்காதீர்கள். ஒரு மௌனம் வரும் இடத்தில் நூறு பேர் போய்விட்டதாக அது காட்டும். அந்த மௌனத்துக்காகவே தங்கிய பத்துப் பேர் யார் என்று அது காட்டாது.

முதல் பாட்டு தயார். வெளியிடும் முன் என்ன செய்யட்டும்?

பங்குத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். ஐபிஆர்எஸ்ஸில் சேருங்கள். பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: நான் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் என் பாட்டு என்ன ஆகும்? டிஸ்ட்ரோகிட் போல ஆண்டுச் சந்தா வாங்குகிறவர்களிடம் சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடக்கூடும். சிடி பேபி ஒரே முறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வெளியீட்டுத் தேதியை நான்கு வாரம் தள்ளி வையுங்கள், ப்ளேலிஸ்ட் குழுவுக்கு அனுப்ப நேரம் இருக்கும். கிரெடிட்டில் வாசித்த ஒவ்வொருவர் பெயரையும், எந்த வாத்தியம் என்பதோடு, அவரவர் சொல்லும் எழுத்துக்கூட்டலில் போடுங்கள்; தவில்காரர் பெயரை "பெர்க்கஷன்" என்ற பொதுச் சொல்லில் அடக்கிவிடாதீர்கள். எல்லாக் கோப்புகளையும், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம்.